எழுவாய் இல்லாத கடமை

தமிழில் நாம் நாளொன்றுக்கு நூறு தடவையாவது உச்சரிக்கும் சொற்களுள் 'வேண்டும்' என்பதும் ஒன்று. அதனை நின்று நோக்குபவர்கள் குறைவு. நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள் என்று ஆளுக்கேற்ப வாலை மாற்றிக்கொள்வது தமிழ் வினையின் இயல்பு. கட்டாயம் என்று வந்ததும் அந்த இயல்பை அது கைவிட்டுவிடுகிறது. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே 'வேண்டும்'. 'வேண்டு' என்ற வினைக்கு விரும்பு, இரந்து கேள் என்பன பொருள். அப்படியானால் நான் போக வேண்டும் என்னும்போது வேண்டுகின்றவர் யார்? நானா, என்னை அனுப்புகின்றவரா, ஊர் வழக்கமா? வாக்கியம் வாய் திறப்பதில்லை.

பிரெஞ்சு மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. நான் கிராமப் பாடசாலை ஆசிரியன். பிரெஞ்சு எனக்கு நியமனம் தந்த பாடமன்று. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் ஆர்வமுள்ள நாலைந்து பேருக்கு மாலை வேளைகளில் அதனைக் கற்பித்தார். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் பிரெஞ்சை எடுக்க விரும்பும் சில பிள்ளைகளும், ஹோட்டல் தொழிலுக்குப் போக எண்ணும் இரண்டு இளைஞர்களும் பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்கிறார்கள். மற்றப் பாடங்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கட்டாயத்தையும் தேவையையும் குறிக்கும் வடிவங்களுக்கு வந்தால் மட்டும் மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரையில் பேச்சு ஓயாது.

பிரெஞ்சில் இதற்கு இரண்டு பெருவழிகள் உள்ளன. முதலாவது, 'ஃபல்வார்' என்ற வினை. இது ஒரு விசித்திரமான வினை. நான், நீ, நாங்கள், அவர்கள் என்ற எந்த எழுவாயோடும் இது சேராது. 'இல் ஃபோ' என்ற படர்க்கை ஒருமை வடிவில் மட்டுமே வரும். இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வடிவங்கள் உண்டு. ஏவல் வடிவம் இல்லை. எல்லாரையும் ஏவுகின்ற சொல்லை யாரும் ஏவமுடியாது! 'இல்' என்பது வழக்கமாக 'அவன்' அல்லது 'அது' என்று பொருள்தரும் சொல். இங்கே அது யாரையும் சுட்டவில்லை. மழை பெய்கிறது என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'இல் ப்ளோ' என்பார்கள். அங்கேயும் அதே வெற்று 'இல்'தான். ஆக, கடமையைச் சொல்லும் வாக்கியமும் மழையைச் சொல்லும் வாக்கியமும் அந்த மொழியில் ஓர் அச்சில் வார்க்கப்பட்டவை. நீ போக வேண்டும் என்பது, வெளியே தூறுகிறது என்பதைப் போல, யாரும் செய்யாத ஒரு நிகழ்வாகக் கூறப்படுகிறது.

நமது 'வேண்டும்' போலவே இதற்கும் இரட்டை வேலை. 'இல் ஃபோ' என்பதோடு ஒரு வினையைச் சேர்த்தால் கட்டாயம். 'எனக்கு' என்ற சொல்லையும் ஒரு பொருளையும் சேர்த்தால் தேவை. எனக்குப் பாண் வேண்டும், நான் போக வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்களையும் நாம் ஒரே சொல்லால் முடிப்பது போலவே அவர்களும் இதே சொல்லைக் கொண்டு சொல்வார்கள். (நாம் பாண் என்பதும் அவர்கள் 'பெங்' என்பதும் ஒரே இலத்தீன் வேரின் பிள்ளைகள், நம்முடையது போர்த்துக்கேயர் வழியாக வந்து சேர்ந்தது.) ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவருக்கு இந்த இடம் இடறும். தமிழ்ப் பிள்ளைக்கு இடறுவதில்லை. சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்துவிடும்.

இடறுவது எதிர்மறையில். 'இல் ந ஃபோ பா' என்ற எதிர்மறை வடிவத்தைப் பார்த்தவுடன் பிள்ளைகள் 'வேண்டியதில்லை' என்று மொழிபெயர்ப்பார்கள். அது 'கூடாது' என்று பொருள்படுவது. ஹோட்டலுக்குப் போகவிருக்கும் பையனிடம் நான் இதை அழுத்திச் சொல்வதுண்டு. காலை உணவும் கட்டணத்தில் அடக்கம், தனியே பணம் தர வேண்டியதில்லை என்று ஒரு பிரெஞ்சு விருந்தினரிடம் சொல்ல நினைத்து இந்த வடிவத்தை எடுத்தால், நீங்கள் பணம் தரவே கூடாது என்று தடை விதித்ததாக முடியும். தேவையில்லை என்பதற்கு வேறு சொற்களைத் தேடிப்போக வேண்டும். இது வெறும் பரீட்சைப் பொறியன்று. ஒன்றைச் செய்யத் தேவையில்லாமல் இருப்பதற்கும் செய்யத் தடைப்பட்டிருப்பதற்கும் இடையில் மனிதன் சுதந்திரமாக மூச்சுவிடும் இடம் முழுவதும் இருக்கிறது. தமிழ் அந்த இடத்துக்கு வேண்டாம், கூடாது என்று இரண்டு வேலிகளையும் தனித்தனியே போட்டு வைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு பர்ளு, வாஜிப், சுன்னத், ஹறாம் என்ற படித்தரங்கள் சிறு வயதிலேயே பழக்கமானவை. கட்டாயம் பல தரப்படும் என்பதை விளக்குவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

இரண்டாவது வழி 'தெவ்வார்' என்ற வினை. இதற்கு எழுவாய் உண்டு. நான், நீ, நாங்கள், அவர்கள் எல்லோருக்கும் தனித்தனி வடிவம் உண்டு. 'ஜ துவா' என்றால் நான் செய்ய வேண்டும். அதே சொல்லுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றும் பொருள். கடைக்காரருக்கு நூறு ரூபா தரவிருந்தாலும் இதே வினைதான். பெயர்ச்சொல்லாக வந்தால் கடமை. பன்மையில் வந்தால் பாடசாலைப் பிள்ளையின் வீட்டுவேலை! ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுவேலை கொடுக்கக் கூடாது என்று பிரான்சில் 1956 ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் வந்தது. அதன் பிறகும் அங்குள்ள ஆசிரியர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று வாசித்தபோது, ஆசிரிய இனம் எங்கும் ஓர் இனமே என்று சிரித்துக்கொண்டேன்.

தமிழிலும் கடன் என்ற சொல் இந்த இரட்டைப் பொருளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்ய வேண்டிய செயலும் கடன். அதன் சகோதரச் சொல்லாகிய கடமை, சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலவரியின் பெயராக வருவது. இலத்தீனில் தோன்றிய சொல்லும் திராவிடத்தில் தோன்றிய சொல்லும் ஒன்றையொன்று கண்டறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: கடமை என்பது இன்னொருவருக்குரிய ஒன்று என் கையில் தங்கியிருக்கும் நிலை. நன்றி சொல்லும்போது 'உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும், சற்றுப் பழைய மரியாதை நடையில், 'உங்களுக்கு ஒப்லிஜே' என்பார்கள். 'ஒப்லிஜே' என்பதன் வேர் இலத்தீனில் கட்டுதல். பெற்றுக்கொண்டவன் கட்டப்பட்டவன். பிரெஞ்சில் இச்சொல் இப்போது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தத்துக்கே பயன்படுகிறது. கட்டியது யார், எதனால் என்று கேட்க இடமாவது வைக்கிறது.

இன்னும் ஒரு வியப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிரெஞ்சின் எதிர்காலமே ஒரு கட்டாயத்திலிருந்து பிறந்தது. பிற்கால இலத்தீனில் 'பாட உடையேன்' என்பது போன்ற ஓர் அமைப்பு இருந்தது. பாட வேண்டியிருக்கிறது என்பது அதன் கருத்து. அந்த இரண்டு சொற்களும் காலப்போக்கில் ஒட்டி உறைந்து 'பாடுவேன்' என்ற பொருளில் 'ஷாந்த்ரே' என்று ஆயின. பிரெஞ்சுப் பிள்ளை ஒன்று 'நாளை வருவேன்' என்று சொல்லும்போதெல்லாம், தனக்குத் தெரியாமலே, வரக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற பழைய வாக்குமூலத்தையும் சேர்த்தே சொல்கிறது.

தெவ்வாரில் ஒரு குழப்பமும் உண்டு. அது கட்டாயத்தை மட்டுமன்றி ஊகத்தையும் குறிக்கும். 'இல் ஆ த்யூ வெனிர்' என்றால் அவன் வர நேர்ந்தது என்றும் கொள்ளலாம். அவன் வந்திருப்பான் போலும் என்றும் கொள்ளலாம். 'இல் ஓரே த்யூ வெனிர்' என்றால் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை என்ற குறை. தமிழில் 'அவன் வந்திருக்க வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். வாசலில் செருப்பைக் கண்டு ஊகிப்பவரும் அதைத்தான் சொல்வார். வராதவனைக் குறை கூறுபவரும் அதைத்தான் சொல்வார். பிரெஞ்சு கட்டாயத்தையும் ஊகத்தையும் கலந்துவிடுகிறது. நாமோ ஊகத்தையும் குற்றச்சாட்டையும் கலந்துவிடுகிறோம். மொழிபெயர்க்கும்போது எதைச் சொன்னோம் என்று நாமே முடிவுசெய்தாக வேண்டும்.

வகுப்பில் ஒருநாள் ஹோட்டல் இளைஞர்களுள் ஒருவன் கேட்டான்: "சேர், இந்த 'இல் ஃபோ'வில வாற 'இல்' ஆரு?"

"ஒருத்தருமில்ல மகன், மழைக்கு வாற 'இல்' மாதிரி" என்றேன்.

"அப்ப ஒருத்தருமே சொல்லாம எப்படி சேர் நாம செய்யிறது?"

இலக்கண நூலில் இதற்கு விடை இல்லை. ஒழுக்கவியலில் இதைவிட முக்கியமான கேள்வியும் அதிகம் இல்லை.

எழுவாய் இல்லாத கட்டளைக்கு இருக்கும் வசதியை நாம் அறிவோம். சுற்றுநிருபத் தமிழை நினைத்துப் பாருங்கள். 'சமர்ப்பித்தல் வேண்டும்', 'சமுகமளித்தல் வேண்டும்', 'தவறாது கடைப்பிடித்தல் வேண்டும்'. வேண்டுபவர் பெயர் எங்கும் இராது. கையொப்பமிட்டவரிடம் போய்க் கேட்டால் அவரும் மேலே கையைக் காட்டுவார். நல்ல காரியங்களும் இந்த நடையில் வருகின்றன. டெங்கு நுளம்பை ஒழிக்கச் சொல்வதும் இதே நடைதான். ஆயினும், சொன்னவர் இல்லாத சொல்லுக்கு எதிர்வாதம் செய்ய முடியாது. பேச்சுப் பிரெஞ்சில் அந்த வெற்று 'இல்'லையும் விழுங்கிவிட்டு வெறும் 'ஃபோ' என்றே சொல்லிவிடுகிறார்கள். எதற்கெடுத்தாலும் 'இதைச் செய்தால் போதும், அதைச் செய்ய வேண்டும்' என்று கதிரையில் சாய்ந்தபடி உபதேசிப்பவர்களைக் கேலி செய்ய அங்கே 'யாக்காஃபோக்கோன்' என்று ஒரு சொல் வழங்குகிறது. 'செய்தால் போதும்', 'நாம் செய்ய வேண்டும்' என்ற தொடர்களை ஒட்டித் தைத்த சொல் அது. நம்மிடையே அந்தச் சொல் இல்லை. அந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

ரூசோ 1762 இல் வெளியிட்ட 'சமூக ஒப்பந்தம்' நூலின் தொடக்கப் பகுதியிலேயே இந்த வேறுபாட்டில் கைவைக்கிறார். காட்டு வழியில் கள்வன் துப்பாக்கியை நீட்டுகிறான். பணப்பையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதை ஒளித்துவைக்க எனக்கு வழியிருந்தால், மனச்சாட்சிப்படி அதைக் கொடுக்க நான் கடமைப்பட்டவனா? வலிமைக்குப் பணிவது தேவையின்பாற்பட்டது. அது கடமை ஆகாது என்பது அவர் வாதம். 'இல் ஃபோ' இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கள்வனுக்குப் பை கொடுப்பதும் இல் ஃபோ. தாயைப் பராமரிப்பதும் இல் ஃபோ. வேறுபாட்டைக் காண்பது பேசுகிறவன் பொறுப்பு.

அதைக் காண மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சின் சொந்த வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. மொரிஸ் பப்போன் 1942 முதல் 1944 வரை, ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், பொர்தோ நகரை மையமாகக் கொண்ட ஜிரோந்து மாவட்ட நிர்வாகத்தில், நமது கச்சேரியைப் போன்றதோர் இடத்தில், பொதுச் செயலாளராக இருந்தார். அந்த அலுவலகத்தின் கோப்புகள் வழியாகவே அம்மாவட்டத்திலிருந்து குழந்தைகள் உட்பட ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட யூதர்கள் கைதுசெய்யப்பட்டு அனுப்பப்பட்டார்கள். போரின் பின் அவர் பதவியில் உயர்ந்தார். 1961 ஒக்டோபரில் அல்ஜீரியர்களின் ஊர்வலம் பரிஸ் வீதிகளில் இரத்தத்தில் முடிந்தபோது அந்நகரின் பொலிஸ் தலைவர் அவரே. பிறகு அமைச்சரும் ஆனார். 1981 இல் பத்திரிகையொன்று பழைய ஆவணங்களை வெளியிட்டது. வழக்கு 1997 இல் தொடங்கி, 1998 ஏப்ரலில், மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு உடந்தையாயிருந்தார் என்று பத்தாண்டுச் சிறைத் தீர்ப்போடு முடிந்தது. தமக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கவில்லை, நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே இயங்கினேன் என்பதே அவரது எதிர்வாதத்தின் சாரம். அதை இலக்கண ஆசிரியனாக நான் இப்படி வாசிக்கிறேன்: எல்லா வாக்கியங்களிலும் 'இல்' இருந்தது, 'நான்' எங்கும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் வாசகர் ஒரு முடிவுக்கு வரக்கூடும். 'இல் ஃபோ' கோழையின் சொல். 'ஜ துவா' நேர்மையாளனின் சொல். எழுவாயை ஏற்றுக்கொள்பவன் பொறுப்பை ஏற்றுக்கொள்பவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கலாம் போலவும் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில், அதே நாட்டில், ஒரு மலைக்கிராமத்தில் நடந்தவற்றோடு இந்த முடிவு ஒத்துவருவதில்லை.

லெ ஷாம்போன் சூர் லின்யோன் என்பது அந்தக் கிராமத்தின் பெயர். ஓத் லுவார் மாவட்டத்தில், உயர்ந்த மேட்டு நிலத்தில் இருப்பது. கத்தோலிக்கப் பிரான்சில் ஒருகாலத்தில் ஒடுக்கப்பட்ட புரட்டஸ்தாந்தினரின் வழிவந்தவர்களே அங்கு பெரும்பாலோர். அந்திரே த்ரொக்மே அங்கு போதகர்; மக்டா அவர் மனைவி. 1940-41 குளிர்காலத்தில், பனி பெய்துகொண்டிருந்த ஒருநாள், ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்ணொருத்தி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். மக்டா உள்ளே வரச் சொன்னார். நனைந்த சப்பாத்துகளைக் காயவைக்க அடுப்பருகே வைத்தபோது அவை கருகிப்போயின. வேறு சோடி தேடி ஊருக்குள் ஓட வேண்டியதாயிற்று. அவளுக்கு ஏதாவது பத்திரம் பெற்றுத் தரலாம் என்று அவர் நகரபிதாவிடம் போனார். வெளிநாட்டுக்காரி ஒருத்திக்காக ஊர் முழுவதையும் ஆபத்தில் தள்ளுவதா, நாளை விடியுமுன் அவள் போய்விட வேண்டும் என்பதே கிடைத்த பதில். அவளை வேறிடத்துக்கு அனுப்ப நேர்ந்தது.

அதற்குப் பின் வந்தவர்களை அனுப்பவில்லை. நாலு ஆண்டுகளில், அந்த ஊரும் சுற்றியிருந்த பண்ணைகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை மறைத்து வைத்துக் காப்பாற்றின. எவரும் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஊர்க்கூட்டம் போட்டு எந்தத் தீர்மானமும் எடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு பல ஆண்டுகள் கழித்து, 1944 இல் அங்கேயே பிறந்த பியேர் சொவாஜ் அந்த முதியவர்களைப் படம்பிடித்துக் கேட்டபோது அவர்கள் பெரிய விளக்கம் எதுவும் கூறவில்லை. தோள்களைக் குலுக்கிக்கொண்டார்கள். அது இயல்பான காரியம் என்றார்கள். அப்படிப்பட்ட பதிலுக்குப் பிரெஞ்சு நாவில் தானாக வந்து அமரும் வடிவம் 'இல் ஃபலே' என்பதுதான். செய்ய வேண்டியிருந்தது. அங்கேயும் எழுவாய் இல்லை. 'நான்' இல்லை.

ஆக, கோப்புக்குப் பின்னால் ஒளிந்தவருக்கும் கதவைத் திறந்தவருக்கும் ஒரே இலக்கணம். வேறுபாடு எங்கே இருக்கிறது?

அந்த வினையின் வேரிலேயே ஒரு குறிப்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஃபல்வார் என்பது ஏமாற்று, தவறு என்று பொருள்படும் இலத்தீன் வினையொன்றிலிருந்து வந்தது. அது இடையில் 'குறைபடுதல்', 'இல்லாதிருத்தல்' என்ற பொருளை எடுத்து, அதிலிருந்து தேவைக்கும் கட்டாயத்துக்கும் நகர்ந்திருக்கிறது. 'கொஞ்சம்தான் குறைந்தது, நடந்திருக்கும்' என்று சொல்லும் சில மரபுத் தொடர்களில் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. அப்படியானால் இல் ஃபோ என்பதன் ஆதிப் பொருள் 'யாரோ கட்டளையிடுகிறார்' என்பதன்று. 'இங்கே ஒன்று குறைகிறது' என்பது. அவளுக்குச் சப்பாத்து இல்லை. அவனுக்குப் படுக்கை இல்லை. பையன் கேட்ட 'ஆரு' என்ற கேள்வியை 'என்ன' என்று மாற்றிக் கேட்க வேண்டும் போலும். என்ன குறைகிறது, எவருக்கு? சொற்பிறப்பை வைத்து ஒழுக்கத்தை நிறுவ முடியாது என்பதை அறிவேன். வேர் ஒன்றைச் சொன்னால் கிளை அதற்குக் கீழ்ப்படிய வேண்டுமென்பதில்லை. ஆனால் கோப்பிலிருந்த 'வேண்டும்' இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. எந்த மனிதருக்கு எது குறைந்ததற்காகக் குழந்தைகளை ரயிலேற்ற வேண்டியிருந்தது?

நகரபிதாவின் 'வேண்டும்' இத்தனை இலகுவாகத் தீர்வதில்லை. அவர் கண்டதும் ஒரு குறைதான். தன் ஊரின் பாதுகாப்பு. அது பொய்யான பயமுமன்று. அவரைப் பப்போனோடு ஒரே வரிசையில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. கதவருகே நிற்பவளின் குறை கண்ணுக்குத் தெரிவது, ஊரின் குறை இனிமேல் வரக்கூடியது என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை. அது போதுமான நியாயமா என்பதை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன்.

கடன் என்ற உவமைக்கு இங்கே ஓர் எல்லை தென்படுகிறது. கடனுக்குக் கணக்கு உண்டு. வாங்கியவன் கொடுத்தால் தீர்ந்தது. பெற்றோருக்கும் குருவுக்கும் அயலவருக்கும் நான் பட்ட கடன் எனக்குத் தெரியும். பனியில் வந்து நிற்கும் அந்நியப் பெண்ணிடம் மக்டா த்ரொக்மே எதையும் பெற்றிருக்கவில்லை. தெவ்வாரின் கணக்குப் புத்தகத்தில் அவளுக்குப் பக்கம் இல்லை. அவளை உள்ளே விடுவதற்கு ஃபல்வார்தான் வேண்டியிருந்தது. இதனால்தான், பொறுப்பை ஏற்கும் 'நான்' உயர்ந்தது, எழுவாயற்ற 'இல்' தாழ்ந்தது என்று எளிதாகத் தீர்ப்பிட முடியாதிருக்கிறது.

இந்தச் சிந்தனையைப் பிரெஞ்சில் மிக ஆழமாக எழுதியவர் சிமோன் வெய். 1909 இல் பிறந்தவர், மெய்யியல் ஆசிரியை. பாடசாலையிலிருந்து விடுப்பெடுத்து 1934-35 இல் தொழிற்சாலைகளில் கூலிக்கு வேலை செய்தவர். 1943 இல் இலண்டனில், சுதந்திர பிரெஞ்சு இயக்கத்துக்காகப் பணியாற்றியபோது, போருக்குப் பிந்திய பிரான்ஸ் எப்படி அமைய வேண்டும் என்று ஒரு நீண்ட நூலை எழுதினார். 'வேரூன்றல்' என்பது அதன் பெயரின் பொருள். மனிதன் மீதான கடமைகளின் பிரகடனத்துக்கு ஒரு முன்னுரை என்று அதற்குத் துணைத்தலைப்பு. 1789 இன் மனித உரிமைப் பிரகடனத்தைப் பெற்ற நாட்டில் இருந்துகொண்டு, உரிமையைவிடக் கடமையே முந்தியது என்று வாதிட்டார். 1795 இலும் கடமைகள் பிரகடனம் செய்யப்பட்டன. இருபத்திரண்டு உரிமைகளுக்குப் பின்னால் ஒன்பது கடமைகள். அவை பெரும்பாலும் சட்டத்துக்கும் சொத்துக்கும் அடங்கி நடப்பவனுக்கான கடமைகள். வெய் சொல்லும் கடமை வேறு. என் உரிமை பயன்பெறுவது மற்றவர்கள் என்மீது தமக்குக் கடமை உண்டென ஏற்கும்போதே. ஆனால் என் கடமை எவருடைய ஏற்பையும் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் கடமையின் பொருள் யாது என்று கேட்டால் அவர் தேவையைக் காட்டுகிறார். பசித்தவனுக்கு உணவு. அதைப் போலவே ஆன்மாவுக்கும் பசிகள் உண்டென்று ஒரு பட்டியல் தருகிறார். சுதந்திரம் அதில் இருக்கிறது, கீழ்ப்படிதலும் இருக்கிறது. பிரெஞ்சில் தேவைக்கும் கடமைக்கும் தனித்தனிச் சொற்கள். அவ்விரண்டையும் இணைக்க அவருக்கு ஒரு நூல் தேவைப்பட்டது. தமிழில் இரண்டும் 'வேண்டும்' என்ற ஒரே சொல்லுக்குள் பாயைப் பகிர்ந்து படுத்திருக்கின்றன. அவன் பாண் வேண்டும் என்கிறான். நான் கொடுக்க வேண்டும். இந்த ஒற்றுமையை நாம் தேடிச் சம்பாதிக்கவில்லை, மொழி சும்மா தந்தது. சும்மா கிடைத்தது என்பதாலேயே அதை நாம் கவனிப்பதில்லை என்றும் தோன்றுகிறது.

வெய் அந்த நூலை முடித்துப் பதிப்பித்துப் பார்க்கவில்லை. நோயுற்றிருந்தபோதும், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் மக்களுக்குக் கிடைப்பதற்கு மேல் உண்ண மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1943 ஓகஸ்டில் முப்பத்துநாலு வயதில் இறந்தார். நூலை 1949 இல் வெளிவரச் செய்தவர் அல்பேர் கமு. உண்ண மறுத்ததைப் பற்றி எனக்கு முழு உடன்பாடில்லை. இன்னொருவனின் பசி என் உணவால் தீரும்போது கொடுப்பது கடமை. என் பட்டினி அவனுக்கு ஒரு துண்டுப் பாணையும் கொண்டுபோய்ச் சேர்க்காதபோது, அது வேறு எதுவோ. அதற்குப் பெயர் வைக்க நான் தகுதியானவனல்ல.

லெ ஷாம்போனில் இன்னொரு ஆசிரியரும் இருந்தார்: போதகரின் உறவினரான தனியேல் த்ரொக்மே. அகதிப் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1943 ஜூன் 29 ஆம் திகதி காலை ஜேர்மன் பொலிஸார் மாணவர் விடுதியொன்றைச் சுற்றிவளைத்தார்கள். அந்நேரம் அவர் அங்கே இருக்கவில்லை. மற்றொரு விடுதியில் இருந்தார். காட்டுக்குள் ஓடித் தப்ப அவருக்கு வாய்ப்பிருந்தது. அவர் ஓடவில்லை. மாணவர்களோடு சேர்த்துக் கைதுசெய்யப்பட்டார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார்.

இக்கதையை வகுப்பில் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையொன்று, "அவர் தப்பியிருக்க வேணும், சேர்" என்றது. அதைப் பிரெஞ்சில் எழுது என்றேன். முன்பு படித்த இரண்டு வடிவங்களும் அதற்குத் தெரியும். தப்பியிருப்பார் போலும் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தப்பியிருக்க வேண்டும், தப்பாமல் விட்டாரே என்று எழுதினால் அவரைக் குறை கூறியதாகிவிடும். பிள்ளை பென்சிலைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டையும் விட்டுவிட்டு 'இல் ஆ த்யூ ரெஸ்தே' என்று எழுதியது. அவர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

ஹோட்டல் இளைஞன் விடவில்லை. "அவர ஒருத்தரும் புடிச்சு வெச்சிருக்கல்லயே. ஓட ஏலுமா இருந்ததுதானே. பிறகென்னத்துக்கு 'த்யூ'?"

பிள்ளை கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னது: "அந்தப் புள்ளயள் அங்க இருந்தாங்களே."